தற்செயலும் சராசரியும்

பதுளை, பசறைத் தோட்டங்களில் ஓய்வு நாளன்று லயத்து இஸ்தோப்பில் சோழி உருட்டித் தாயம் ஆடுவோரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. நெடுநேரம் தாயம் விழாதவனுக்கு இனி அது விழுந்தே தீரும் என்பர். பல ஆட்டங்களில் ஏற்றத்தாழ்வு சமப்படும் என்பது மெய்யே. ஆயின் அது சமப்படும் வழி வேறு. சோழிக்கு முன்னைய எறி நினைவில் இருப்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிக் என்னும் கணித ஆசிரியர், ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்துவைத்தார். தலை விழுந்தது 5,067 முறை. செம்பாதிக்கு மேல் 67 மிகை! இதில் வியப்பில்லை. 100 முறை சுண்டினால் 5 அளவில் விலகுவது இயல்பு. 10,000 முறைக்கு 50 அளவில் விலகும். எறிகள் 100 மடங்காக, விலகல் 10 மடங்கே ஆகிறது. எனவே நூற்றுக்கு 5 ஆக இருந்த விலகல் அரையாகச் சுருங்குகிறது. பழைய மிகையை எவரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அது ஆற்றில் கரைத்த புளியாகிறது. 1713இல் வெளிவந்த நூலில் யாக்கோபு பேர்னூலி நிறுவிய விதி இதுவே.

நம் முன்னோர் இதன் சாயலை அறியாதவரல்லர். பாரதத்து வனபருவத்தில், இருதுபன்னன் தான்றி மரமொன்றை நோக்கியே அதன் காய்த்தொகையைச் சொல்கிறான். நளன் எண்ணிப் பார்க்க, அது சரியாகிறது. அவ்வரசன் எண்ணறிவையும் சூதறிவையும் சேர்த்தே உரைக்கிறான்.

இனிக் கொழுந்து மடுவத்துக்கு வருவோம். ஒருநாள் பனிமூட்டம், ஒருநாள் கொழுந்து குறைந்த மலை. இவை பல நாட்களில் கரைந்துவிடும். (ஊவாவின் வறள்காற்றில் எல்லார் கூடையும் ஒருசேரக் குறைவது தற்செயலன்று, அதனைச் சராசரி கரைக்காது.) ஆனால் பேர் பதிவது நாள்தோறும். நாளொன்றுக்கு 18 கிலோ எனக் கொள்வோம். ஒருத்தி இன்று 21 கிலோவும் நாளை 15 கிலோவும் கொய்தால் சராசரி குறைவின்றி 18. அளவு குறைந்த நாளுக்கு அரைப்பேர் போடும் தோட்டத்திலோ, மேலதிகமான 3 கிலோவுக்குக் கிடைக்கும் காசு, இழந்த அரைநாட் கூலிக்கு ஈடாவதில்லை. மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் அவள் நிறையில் குறையே இல்லை. செக்ரோலில் மட்டும் அரைப்பேர் இருக்கும்.