தானே விலகும் தடை

நுழையும்முன்

நிரலர் எத்துணைத் தேர்ந்தவராயினும் மறதி அவருக்கும் உண்டு. அம்மறதி தீங்கு விளைக்காதவாறு காக்கும் ஒரு நிரலாக்க முறையை இப்பாடம் விளக்குகிறது.

குறுக்கீடு

தொடுதிரையில் விரல் பட்டவுடன், அத்திரை மையச் செயலகத்துக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. செயலகம் தான் செய்துகொண்டிருந்த பணியை நிறுத்தி, அதன் நிலையைச் சேமித்து, சமிக்ஞைக்கு உரிய நிரல்பகுதியை இயக்குகிறது. பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இச்சமிக்ஞையே வன்பொருள் குறுக்கீடு எனப்படும். சாதனத்துக்கும் இயக்க அமைப்புக்கும் இடையே நின்று இதனைக் கையாளும் நிரல் 'இயக்கி' ஆகும்.

தடையும் விடுவிப்பும்

சில வேளைகளில் குறுக்கீட்டைத் தடுத்தல் வேண்டும். தொடுதிரையினுள் பதிந்துள்ள மென்பொருளைப் புதுப்பிக்கும்போது எழும் சமிக்ஞைகளைத் தொடுகை எனக் கொள்ளலாகாது. ஆகவே, இயக்கி முதலில் குறுக்கீட்டைத் தடுத்து, பணி முடிந்ததும் தடையை நீக்குகிறது. லினக்ஸ் இயக்க அமைப்பில் இத்தடைகள் எண்ணப்படுகின்றன. இருமுறை தடுத்தால் இருமுறை விடுவித்தல் வேண்டும்.

புதுப்பிக்கும் பணி பல படிகளை உடையது. எப்படியிலும் பிழை நேரலாம். நேர்ந்தால் செயற்கூறு இடையிலேயே முடிந்துவிடும். அவ்வாறு வெளியேறும் வழிகள் ஐந்து எனில், ஐந்திலும் தடையை நீக்கும் கட்டளை இருத்தல் வேண்டும். நான்கில் எழுதி ஒன்றில் மறந்தால், நிரல் அவ்வழியே சென்ற அன்று தொடுதிரை எத்தொடுகைக்கும் மறுமொழி தராது. அவ்வழி அரிதாகவே நிகழ்வதால், சோதனையிலும் இக்குறை எளிதில் அகப்படாது.

வரையெல்லையின் காவல்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸின் உட்கரு பெரும்பாலும் சி மொழியில் அமைந்தது. 2023இல் வெளிவந்த அதன் 6.5ஆம் பதிப்பில் வரையெல்லை சார்ந்த காவல்முறை சேர்க்கப்பட்டது. இம்முறையில், குறுக்கீட்டைத் தடுக்கும்போதே ஒரு காவல் மாறி அறிவிக்கப்படுகிறது. அம்மாறி வாழும் நிரல்பகுதியே அதன் வரையெல்லை. பணி நிறைவுற்றோ பிழையுற்றோ நிரல் அவ்வெல்லையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும், தடையை நீக்கும் கட்டளையை நிரல்பெயர்ப்பி தானே சேர்த்துவிடுகிறது. காவல்கள் பல இருப்பின், இறுதியில் அறிவிக்கப்பட்டது முதலில் விலகும்.

நிரலரின் பொறுப்பு

எனினும், வரையெல்லையை வகுப்பவர் நிரலரே. அது தேவைக்கு மேல் நீண்டால், சாதனத்தின் அழைப்பு நெடுநேரம் கேட்கப்படாமற் போகும். தடையை நீக்க நினைவூட்டும் வேலையை நிரல்பெயர்ப்பி ஏற்கலாம். தடை எங்குத் தொடங்கி எங்கு முடிதல் வேண்டும் என்று ஆராய்வது மனிதர் கடமையாகும்.