வலிக்கலைன்னா நல்லதுன்னு நினைக்காதீங்க

பௌர்ணமிக்குக் கிரிவலம் போற அப்பா, அம்மா வீட்டுல இருக்காங்களா? அவங்களுக்குச் சர்க்கரை நோயும் இருக்கா? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். பெரும்பாலும் செருப்பில்லாம. மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலை கோயில் வர்றதுக்குள்ளயே எனக்கு உள்ளங்கால் எரிய ஆரம்பிச்சுடும். எரியறது நல்லது. உட்காருவோம், குத்தின கல்லைத் தட்டி விடுவோம். பல வருஷமா சர்க்கரை இருக்கிறவங்கள்ல சிலருக்கு அந்த எரிச்சலே தெரியாது.

ஏன்? உள்ளங்காலுக்கு உணர்ச்சி தர்ற முக்கிய நரம்பு, கணுக்காலோட உள்பக்க எலும்புக்குப் பின்னாடி ஒரு குறுகலான சுரங்கம் வழியா இறங்குது. சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லைன்னா நீளமான நரம்புகளோட நுனிதான் முதல்ல கெடும். அதனாலதான் மரத்துப்போறது கால்விரல்ல ஆரம்பிக்குது.

இப்போ ஒரு முள் குத்துது. தெரியல. அதே காலோட நடக்கிறாங்க. கிருமி உள்ளே போகுது. உள்ளங்கால் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள்ள தனித்தனி அறைகளா இருக்கு. சீழ் சேர்ந்தா விரிய இடமில்ல. அழுத்தத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு தசை செத்துப்போகும். விரலை மடக்குற தசைநாண்களும் அதே சுரங்கம் வழியாத்தான் வருது. சீழ் அதைப் பிடிச்சுக்கிட்டுக் கெண்டைக்கால் வரைக்கும் ஏறலாம். வெளியே பார்த்தா சின்னப் புண்தான் இருக்கும்.

இந்தப் பாடத்துல பக்கத்து ஊர் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோய் வந்தா விரல் அழுகி விழும்னு நம்பின காலம் அது. விரலை அழிக்கிறது, வலி தெரியாததால படுற காயமும் அதுல வர்ற தொற்றும்தான்னு அவர் எடுத்துக் காட்டினார். சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும் இது பொருந்தும்.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட மோனோஃபிலமென்ட் சோதனை கேளுங்க. ஒரு நைலான் இழையை உள்ளங்கால்ல அழுத்திப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். உணர்ச்சி குறைவுன்னு சொன்னா வெறுங்கால் நடை வேண்டாம். ஆட்டோவுல சுத்தி வர்றவங்களும் நிறைய பேர் இருக்காங்க.

எப்படிப் போனாலும் வீடு திரும்பினதும் போன் டார்ச் அடிச்சு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே பாருங்க. புண்ணோட வீக்கம், சிவப்பு, சூடு, கெட்ட வாடை, காய்ச்சல்னு எது இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. "வலிக்கவே இல்லடா"ன்னு அப்பா சொன்னா, இன்னும் சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க.