பழைய கணினியும் புதிய உறுப்பும்

புதுக் கணினி வாங்கும் வசதியற்ற இல்லங்களில், பழையதற்கே ராம் எனப்படும் நினைவகத்தையோ வரைகலை அட்டையையோ சேர்த்துப் புத்துயிரூட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வாறு சேர்த்த பின், பிள்ளை பரீட்சைக்குரிய கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் இயந்திரம் திடீரென நின்றுவிடுமாயின், குறையை எங்கே தேடுவது?

வெளித்தோன்றும் அறிகுறி சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில பழுதுற்றபோது, வரைகலை அட்டையின் நினைவகம் போதவில்லை என்றே திரையில் செய்தி தோன்றிற்று. பலர் அட்டையைச் சந்தேகித்தனர். குறையோ செயலியில் இருந்தது. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தமே அதனைக் கெடுத்தது. 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே இதனை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டது.

ஆதலின் ஊகத்தை விடுத்து ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, புதிய உறுப்பைக் கழற்றிவிட்டுச் சில நாட்கள் பழையபடி இயக்கிப் பாருங்கள். கோளாறு நின்றால், புதிய உறுப்பையும் அது பழைய பாகங்களோடு பொருந்துகிறதா என்பதையும் ஆராய வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாது போகும்.

நினைவகத்தின் மீது ஐயமெனில், எக்ஸ்.எம்.பி. என்னும் கூடுதல் வேக அமைப்பை நிறுத்தி இயல்பு வேகத்துக்குத் திருப்புங்கள். பின்னர் மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை தோன்றினும் அந்நினைவகத்தை நம்பலாகாது. பழுதான நினைவகம் இயந்திரத்தை நிறுத்துவதோடு அமையாது. சேமிக்கும் கோப்புகளையும் ஓசையின்றிக் கெடுக்கும். எனவே, அதனைக் கழற்றிய பின்னரே கோப்புகளுக்குப் பிரதி எடுப்பது நன்று.

எவ்விதச் செய்தியுமின்றி, விளக்கணைந்தாற்போல் கணினி நின்றுவிட்டால், வெப்பத்தையும் மின்வழங்கியையும் கவனியுங்கள். தாய்ப்பலகையிலுள்ள பொருத்துமிடம் வரைகலை அட்டைக்கு 75 வாட் வரையே அளிக்கும். அதற்கு மேற்பட்டதை மின்வழங்கி தனி வடங்களால் தரவேண்டும். பழைய மின்வழங்கி அச்சுமையைத் தாங்காதிருக்கலாம். ஆயினும் அதன் பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கழற்றிய பழைய உறுப்புகளை உடனே விற்றுவிடாதீர்கள். புதியதைச் சோதிக்க வீட்டிலுள்ள உரைகல் அவையே.