ஜெட் படகின் எந்திரம் சூடேறி நின்றால்...

நுழையுமுன்

ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் திடீரென நின்றுவிட்டால், அதை உடனே மீண்டும் இயக்கவே பலரும் முயல்வர். அது ஏன் நின்றது என்று ஆராய்வோர் சிலரே. காரணம் அறியாமல் இயக்கப்படும் எந்திரம் மீண்டும் நின்றுவிடும். பழுதின் காரணத்தை முறையாகத் தேடும் வழியை ஒரு ஜெட் படகின் வாயிலாக இப்பாடத்தில் அறிவோம்.

கங்கையை எதிர்த்துச் சென்ற படகுகள்

1977ஆம் ஆண்டில் மூன்று ஜெட் படகுகள் வங்கக் கடலோரத்தில் உள்ள கங்கா சாகரிலிருந்து புறப்பட்டன. எவரெஸ்ட் சிகரத்தை 1953இல் டென்சிங் நார்கேயுடன் முதன்முதலில் அடைந்த எட்மண்ட் ஹிலாரியே அப்பயணக் குழுவின் தலைவர். கடலிலிருந்து இமயமலை நோக்கிக் கங்கையின் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்வது அக்குழுவினரின் நோக்கமாகும். கொல்கத்தா, பாட்னா, வாரணாசி, ஹரித்வார், ரிஷிகேஷ் ஆகிய நகரங்களைக் கடந்து, தேவப்பிரயாகைக்கு மேலே அலக்நந்தா ஆற்றிலும் அப்படகுகள் ஏறின. நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறித்தது. படகுப் பயணம் அங்கே நிறைவுற்றது.

பாறைகள் நிறைந்த, ஆழம் குறைந்த மலையாற்றில் எல்லாப் படகுகளும் செல்ல இயலாது. பெரும்பாலான எந்திரப் படகுகளில் உந்துவிசிறி அடிப்பகுதிக்குக் கீழே நீருக்குள் சுழலும். பாறையில் மோதினால் அது உடைந்துவிடும். நியூசிலாந்து நாட்டில் ஆட்டுப்பண்ணை நடத்திய பில் ஹாமில்டன் என்னும் பொறியாளர் இச்சிக்கலுக்குத் தீர்வு தேடினார். தம் நாட்டின் ஆழமற்ற, விரைந்தோடும் ஆறுகளில் எதிரேறிச் செல்லத்தக்க ஜெட் படகை அவர் 1954இல் உருவாக்கினார். ஹிலாரியும் அந்நாட்டவரே.

ஜெட் படகு இயங்கும் முறை

ஜெட் படகின் அடியில் நீரை உறிஞ்சும் வாய் ஒன்று உள்ளது. கற்களும் குப்பைகளும் உள்ளே புகாதவாறு அதன்மேல் கம்பித் தடுப்பு பொருத்தப்பட்டிருக்கும். எந்திரம் உள்ளே ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி ஆற்றுநீரை உறிஞ்சிப் பின்புறத்தில் உள்ள குறுகிய வாய் வழியே மிகுந்த விசையுடன் பீய்ச்சுகிறது. நீர் பின்னோக்கிப் பாய, படகு முன்னோக்கிச் செல்கிறது. ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே இதன் அடிப்படை. நீர் பாயும் திசையை இடமாகவோ வலமாகவோ திருப்பினால் படகும் திரும்பும்.

எந்திரம் நின்றால் நீர் பாய்வதும் நின்றுவிடும். அப்போது முன்செல்லும் விசையோடு, படகைத் திருப்பும் ஆற்றலும் போய்விடும். ஓட்டுநரின் கையில் திருப்புசக்கரம் இருந்தும் பயனில்லை. விரைந்தோடும் ஆற்றில் அப்படகு மிதக்கும் மரக்கட்டையைப் போல நீரின் போக்கிலேயே செல்லும். ஆகவே, எந்திரம் சூடேறுவதைச் சிறு குறையாகக் கருதுதல் கூடாது. அது படகில் உள்ளோரின் உயிரோடு தொடர்புடையது.

ஆற்றுநீரே குளிர்விக்கும் நீர்

எந்திரத்திற்குள் எரிபொருள் எரிவதால் கடும் வெப்பம் உண்டாகிறது. மகிழுந்தில் விசிறியும் காற்றும் அவ்வெப்பத்தை வெளியேற்றத் துணைசெய்கின்றன. ஜெட் படகிலோ ஆற்றுநீரே அப்பணியைச் செய்கிறது. சில படகுகளில் சுழலி உந்தும் நீரின் ஒரு பகுதியே குழாய் வழியாக எந்திரத்திற்குச் செல்லும். வேறு சில படகுகளில் இதற்கெனத் தனியான சிறு பம்பு இருக்கும். எவ்வாறாயினும், படகுக்கு வெளியே ஓடும் நீர் தடையின்றி உள்ளே வந்து வெப்பத்தை ஏற்று வெளியேறுதல் வேண்டும்.

ஆற்றுநீர் எப்போதும் தூய்மையாக இருப்பதில்லை. மணல், வண்டல், இலை, நீர்க்கொடி, நெகிழிப் பை ஆகியவை அதனுடன் கலந்து வருகின்றன. நீர் வரும் வழியை இவை அடைத்தால் எந்திரம் சூடேறும். அப்போது உலோகப் பகுதிகள் விரிவடையும், எண்ணெய் நீர்த்துப்போகும், உராய்வு மிகும். பெட்ரோல் குழாயிலேயே எரிபொருள் ஆவியாகி, எந்திரத்தைச் சரியாகச் சென்றடையாமல் போவதும் உண்டு. சில புதிய எந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும்.

முதலில் மனிதர், பின்னர் எந்திரம்

எந்திரம் நின்றவுடன் அனைவரும் மிதவை உடை அணிந்துள்ளனரா என்று பார்த்தல் வேண்டும். நங்கூரம் இட்டோ துடுப்பு வலித்தோ படகைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துதல் வேண்டும். கரை அருகில் இருந்தால் கயிற்றால் கட்டிவிடலாம். அதன் பின்னரே பழுதைத் தேடத் தொடங்கலாம்.

சூடான எந்திரத்தின் குளிர்நீர்த் தொட்டி மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். சூடான உலோகத்தின் மீது குளிர்ந்த நீரை ஊற்றுதலும் கூடாது. அதனால் விரிசல் உண்டாகலாம். எந்திரம் தானே ஆறும்வரை காத்திருத்தலே நன்று.

முள் காட்டும் வழி

ஓட்டுநரின் முன்னே வெப்பநிலையைக் காட்டும் முள் இருக்கும். எந்திரம் நிற்பதற்கு முன் அம்முள் எங்கே இருந்தது? படகின் வேகம் குறைந்ததா? எந்திரத்தின் ஒலி மாறியதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தால், பழுதை எங்கே தேடவேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகும்.

முதல் நிலை: முள் ஏறியது, படகின் வேகம் குறைந்தது, எந்திரத்தின் ஒலியோ மிகுந்தது. இவ்வாறாயின் உறிஞ்சும் வாயில் அடைப்பு இருக்கக்கூடும். நீர் போதிய அளவு கிடைக்காததால் சுழலி வீணே விரைந்து சுழல்கிறது. எந்திரத்தை நிறுத்தினால் உறிஞ்சும் விசை நீங்கும். சில வேளைகளில் ஒட்டியிருந்த குப்பை தானாகவே விழுந்துவிடும். விழாவிட்டால், சாவியை எடுத்துவிட்டு, கம்பித் தடுப்பைத் தூய்மை செய்தல் வேண்டும். எந்திரம் ஓடும்போது அங்கே கை வைத்தல் பெரும் ஆபத்து.

இரண்டாம் நிலை: முள் ஏறியது, வேகமோ குறையவில்லை. இவ்வாறாயின் படகை உந்தும் நீர் சரியாக உள்ளது. எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வழியில்தான் தடை இருக்கவேண்டும். நீர் வடிகட்டியில் மணல் நிறைந்துள்ளதா, குழாய் மடங்கியுள்ளதா என்று பார்க்கவேண்டும். சிறு பம்பில் உள்ள ரப்பர் இதழ்கள் கிழிந்திருந்தால் புதியவற்றைப் பொருத்துவது மட்டும் போதாது. கிழிந்த துண்டுகள் குழாயின் உள்ளே சென்று அடைத்திருக்கும். அவற்றையும் தேடி எடுத்தல் வேண்டும். நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டாலும் எந்திரம் சூடேறும்.

மூன்றாம் நிலை: முள் ஏறவே இல்லை, ஆயினும் எந்திரம் நின்றது. இவ்வாறாயின் வெப்பத்தின் மீது பழி சுமத்துதல் தவறு. எரிபொருள் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். எரிபொருளில் நீர் கலந்திருக்கலாம். மின்பொறி தரும் கம்பி தளர்ந்திருக்கலாம். எரிபொருள் தொட்டிக்குள் காற்றுப் புகும் சிறு துளை அடைபட்டாலும் எந்திரம் நிற்கும். உள்ளே இருக்கும் எரிபொருள் குறையக் குறைய, அவ்விடத்தை நிரப்பக் காற்று வருதல் வேண்டும். வராவிட்டால் எரிபொருள் வெளியேறாது. தொட்டியின் மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், அத்துளை அடைபட்டுள்ளது என்பது விளங்கும்.

நீரின் வழி முழுவதும் சரியாக இருந்தும் முள் ஏறினால் எண்ணெயைச் சோதித்தல் வேண்டும். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால், எந்திரத்தின் உட்பகுதியில் கசிவு ஏற்பட்டு நீர் கலந்துள்ளது என்று அறியலாம். அதன்பின் எந்திரத்தை இயக்குதல் கூடாது. அதைத் தேர்ந்த வினைஞரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

ஆறியது வேறு, சீரானது வேறு

சூடேறி நின்ற எந்திரம் சிறிது நேரத்தில் ஆறிவிடும். மீண்டும் இயங்கவும் செய்யும். "பழுது நீங்கிவிட்டது" என்று எண்ணுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். வெப்பம் தணிந்ததேயன்றி, அடைப்பு நீங்கவில்லை. ஆழமான, அமைதியான இடத்தில் ஒருமுறை நின்ற எந்திரம் அடுத்தமுறை பாறைகளுக்கு இடையே நிற்கலாம்.

தேடும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். வெளியே உள்ளதை முதலிலும் உள்ளே உள்ளதைப் பின்னரும் பார்த்தல் வேண்டும். எளிதானதை முடித்தபின் கடினமானதற்குச் செல்லுதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதித்தல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டால், பழுதுக்கு எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

வருமுன் காத்தல் இதனினும் சிறந்தது. ஆழமற்ற இடத்தில் படகு நிற்கும்போது எந்திரத்தை விரைவாக இயக்கினால், சுழலி அடியில் உள்ள மணலையும் கற்களையும் உறிஞ்சிவிடும். எனவே, படகைத் துடுப்பால் ஆழமான இடத்திற்குத் தள்ளிச் சென்ற பின்னரே வேகத்தைக் கூட்டுதல் வேண்டும். ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் வடிகட்டியைத் தூய்மை செய்யும் ஓட்டுநர் நடு ஆற்றில் தவிக்க நேர்வது அரிது.

சொல்லும் பொருளும்

உந்துவிசிறி – படகை முன்னே தள்ளும் சுழலும் இதழ்கள்
வண்டல் – நீர் அடித்துவரும் நுண்மண்
பீறிட்டு – விசையுடன் வெளிப்பட்டு
வினைஞர் – தொழில் அறிந்தவர்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. நீரோட்டம்
2. வெப்பநிலை
3. ஆற்றுநீர்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மலையாறுகளில் செல்ல ஜெட் படகு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. எந்திரம் நின்றால் ஜெட் படகைத் திருப்ப இயலாதது ஏன்?
3. சூடான எந்திரத்திடம் செய்யக்கூடாதவை இரண்டினை எழுதுக.

இ. சிந்தித்து விடை கூறுக.
படகு ஒன்று அரைமணி நேரம் நன்றாக ஓடியபின் நின்றது. வெப்பநிலை முள் ஏறவில்லை. சற்று நேரம் கழித்து இயக்கியபோது மீண்டும் ஓடியது. அரைமணியில் மறுபடியும் நின்றது. நீங்கள் ஓட்டுநராக இருந்தால் முதலில் எதனைச் சோதிப்பீர்கள்? ஏன்?

ஈ. செய்து பார்க்க.
கோடைக்காலத்தில் உங்கள் வீட்டு ஏர் கூலர் காற்றை வீசுகிறது. ஆனால் குளிர்ச்சி இல்லை. அதற்கான காரணங்களை எளிதானது முதல் கடினமானது வரை வரிசைப்படுத்தி எழுதுக. எழுதியதை உங்கள் பெற்றோரிடம் தமிழில் விளக்குக.