உருளையைப் பார்த்துவிட்டு மோட்டாரைக் கேளுங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டும் 11,842. கோடை வந்துவிட்டால் அந்த ஏரிக்கரைகளில் பான்டூன் படகுகளுக்குப் பஞ்சமே இருக்காது. இரண்டு அலுமினிய உருளைகள், மேலே ஒரு தளம், அதில் சோபாக்கள், வெயிலுக்குத் துணிக்கூரை. 1952-இல் அதே மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரைச் சேர்ந்த விவசாயி ஆம்ப்ரோஸ் வீர்ஸ், இரும்பு உருளைகள்மேல் மரத்தளம் பொருத்தித் தொடங்கிவைத்த வடிவம் இது.

படகு வாங்க வருபவர்கள் இருக்கைகளை எண்ணுகிறார்கள். அப்புறம் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறார்கள். ஆனால் படகின் குணத்தைத் தீர்மானிக்கும் இரண்டு பொருள்கள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன: உருளையும் ப்ரொப்பெல்லரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 அங்குல விட்டமும் 21 அடி நீளமும் உள்ள உருளை முழுக்க மூழ்கினால் ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் தண்ணீரை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது இரண்டு டன்னைத் தாங்கும். ஜோடி உருளைகள் நான்கு டன்னைத் தாங்கும். அதற்காக நான்கு டன் ஏற்றிவிடக் கூடாது. பாதியளவு மூழ்கியிருக்கும்போதுதான் நீர்மட்டத்தில் உருளையின் அகலம் அதிகம். குழந்தைகள் எல்லோரும் ஒரே பக்கம் ஓடினாலும், அங்கே கூடுதலாக அமிழும் ஒவ்வொரு அங்குலமும் நிறையத் தண்ணீரை விலக்கிப் படகை நிமிர்த்திவிடும். முக்கால்வாசி அமிழ்ந்துவிட்ட உருளையிடம் இந்தத் தெம்பு குறைந்துபோகிறது.

ஆக, நிம்மதியான மொத்த எடை இரண்டு டன். படகு ஒரு டன், மோட்டாரும் பெட்ரோலும் கால் டன் என்றால், மிச்சம் பத்துப் பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும். விட்டம் 23 அங்குலமாக இருந்தால்? இரண்டே அங்குலம்தான் குறைவு. ஆனால் நான்கு பேரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்! உருளைக்குள் தடுப்புச் சுவர்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் மிதக்கவைக்கும்.

இனி மோட்டார். நார்வேயிலிருந்து குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் மில்வாக்கியில் விற்கத் தொடங்கிய அவுட்போர்டு மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. இன்று 115 என்பது சர்வசாதாரணம். ஆனால் படகை நகர்த்துவது பின்னோக்கித் தள்ளப்படும் தண்ணீர். அதே உந்துவிசையைக் கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளியும் பெறலாம், நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளியும் பெறலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் உந்துவிசை இரட்டிக்கும். அதற்கான ஆற்றலோ நான்கு மடங்காகும். எனவே கனத்த, மெதுவான பான்டூனுக்கு அகன்ற ப்ரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றுவதே லாபம். இதற்கென்றே பெரிய கியர் பெட்டியுடன் மோட்டார்கள் கிடைக்கின்றன.

ப்ரொப்பெல்லரின் ‘பிட்ச்’ என்பது, வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் அது முன்னேறும் தூரம். ஆட்களை ஏற்றிக்கொண்டு முழு விசையில் ஓட்டும்போது, மோட்டாருக்குக் குறித்த சுழற்சி, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000, வரவில்லையென்றால் பிட்ச் அதிகம் என்று பொருள். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள் கூடும். ஆளில்லாத படகில் சோதனை ஓட்டம் காட்டுகிற கடைக்காரரை நம்ப வேண்டாம்.

மூன்றாவது உருளை தேவையா? நீர்ச்சறுக்கு விளையாட ஆசைப்படுபவர்களுக்கும் பெரிய ஏரிகளில் அலையோடு மல்லுக்கட்டுபவர்களுக்கும் தேவை. சாயங்காலம் பாட்டியையும் பேரன்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல ஒரு சுற்று வர, இரண்டு நல்ல உருளைகளும் 60 குதிரைத்திறனும் போதும் என்பதே என் கட்சி.

எந்த மோட்டாராக இருந்தாலும் ஓர் ஆபத்து பான்டூனில் கூடுதல். சாதாரணப் படகின் முன்னால் விழுந்தவரை அதன் உடல் ஓரமாகத் தள்ளிவிட வாய்ப்புண்டு. பான்டூனில் விழுந்தவர் இரண்டு உருளைகளுக்கும் நடுவே நேராக ப்ரொப்பெல்லரை நோக்கிப் போவார். மினசோட்டாவில் ஓடும் படகில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மிதவைச் சட்டை அணிவது சட்டப்படி கட்டாயம். ஓட்டுநர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிற்றை, அந்த வசதியுள்ள 26 அடிக்குக் குறைந்த படகுகளில் மாட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. முன்பக்கம் காலைத் தொங்கவிட்டு யாரும் உட்காராதபடி கதவைச் சாத்திவிட்டு கியரைப் போடுங்கள்.