கடலில்லாத கொங்கில் கடல் மின்சாரம்

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் வைகாசிக் கடைசியில் உடுமலை, பூளவாடி, கேத்தனூர்ப் பக்கம் காத்தாடிகள் வேகம் பிடிக்கும்போது அவற்றைச் சுழற்றுவது அரபிக்கடல் காற்றுதான். கோடையில் நிலம் கொதித்து, அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, கடல் காற்று உள்ளே பாய்கிறது. வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் மலை விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கியடித்து நுழைவதால் காற்றுக்கு வேகம் கூடிவிடுகிறது.

காசு அந்த வேகத்தில்தான் இருக்கிறது. வேகம் இரட்டித்தால் இறக்கையைக் கடக்கும் காற்று இரு மடங்கு. ஒவ்வொரு கிலோ காற்றிலும் உள்ள ஆற்றலோ நான்கு மடங்கு. பெருக்கினால் எட்டு. காற்று நொடிக்கு 3, 4 மீட்டர் வேகம் வந்தால் மின் உற்பத்தி தொடங்கும். 25 மீட்டரைத் தாண்டினால் இயந்திரமே இறக்கையைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும்.

1990களில் இவற்றை நட்டவர்களில் பலர் நூற்பாலைக்காரர்கள். சுற்றுச்சூழல் அக்கறை என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். முதலாண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்ற வருமானவரிச் சலுகையும் மில்லின் கரண்ட் பில்லும்தான் காரணம். உடுமலையில் உற்பத்தியாகும் யூனிட் கிரிட்டில் சேர்ந்து மில் கணக்கில் கழியும். அன்று நல்ல இடங்களைப் பிடித்தவை 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். இன்றையவை 2,000 கிலோவாட்டையும் தாண்டுகின்றன. அருமையான காற்றைக் குட்டி இறக்கைக்கே விட்டுவைப்பது வீண் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடலிலிருந்து நேராகவே எடுத்தால் என்ன? சென்னை ஐ.ஐ.டி. திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞத்தில் 1991இல் செய்துபார்த்தது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்கும். மேலுள்ள காற்று வெளியே தள்ளப்பட்டும் உள்ளே இழுக்கப்பட்டும் டர்பைனைச் சுழற்றும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும் டர்பைன் அது. ஆக, அங்கேயும் சுழற்றியது காற்றே! திறன் 150 கிலோவாட், கேத்தனூரின் பழைய காத்தாடியைவிடக் குறைவு. இப்போது அது ஓடுவதில்லை. இந்தியக் கடலலைகளில் 40,000 மெகாவாட்டுக்கு மேல், ஓதத்தில் 12,000 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாம் என்ற மதிப்பீடெல்லாம் இன்னும் காகிதத்தில்தான்.

கணவாய்க் காற்றிலும் குறை உண்டு. ஐப்பசிக்குப் பிறகு படுத்துவிடும். ஆடியிலோ யாருக்கும் வேண்டாத நள்ளிரவிலும் வீசும். முதல் குறைக்கு மருந்தில்லை. இரண்டாவதற்கு ஆனைமலைக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது: காடம்பாறை. மிஞ்சும் கரண்ட்டால் மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, மாலையில் தேவை கூடும்போது இறக்குகிறார்கள். பூமிக்கடியில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. ஏற்றும்போது அவையே பம்பு, இறக்கும்போது அவையே டர்பைன். இத்தகைய நிலையங்களில் ஏற்றச் செலவான கரண்ட்டில் ஏறக்குறைய கால் பங்கு திரும்பி வராது.