பழைய லேத்துக்குப் புது டிரைவ்: பேக் கியர் இருக்கட்டும்

கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் பல வருஷம் உழைத்த மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. வார்ப்பிரும்பு பெட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சலிப்பு வேகம் மாற்றுவதில்தான். மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டை அடுத்த புல்லிக்குத் தள்ள வேண்டும். அதற்குச் சோம்பியே பலர் எல்லா வேலையையும் ஒரே வேகத்தில் ஓட்டிவிடுகிறார்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டிரைவ் மாட்டினால் ஒரு திருகைத் திருப்பினாலே போதும்.

டிரைவ், வருகிற மின்சாரத்தை டி.சி.யாக்கி, கேட்ட ஹெர்ட்ஸில் மூன்று பேஸாகத் திருப்பிக் கொடுக்கும். 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்று ஓடும் மோட்டார், 25-இல் ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓடும்.

இதன் அருமை தெரிவது ஃபேசிங்கில், அதாவது முகப்பைத் தட்டையாகக் கடையும்போது. 100 மி.மீ. விட்டமுள்ள இரும்பை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய 95 சுற்று போதும். டூல் உள்ளே நகர்ந்து விட்டம் 25 மி.மீ. ஆகும்போது அதே வெட்டு வேகத்துக்கு 380 சுற்று வேண்டும். பெல்ட் மெஷினில் நடுப்பகுதி சொரசொரப்பாகவே நிற்கும். டிரைவில் ஒரு கை திருகிலேயே இருக்கும். டூல் அதிர்ந்து கீச்சிட்டாலும் வேகத்தைச் சற்றே மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதில் மயங்கி, "இனி பேக் கியர் எதற்கு?" என்று, ஸ்பிண்டிலை மெதுவாக ஓட்டும் அந்தப் பற்சக்கரத் தொகுதியைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. டிரைவ் வேகத்தைக் குறைத்தாலும் முறுக்கு விசை கூடாது, அதிகபட்சம் அப்படியே இருக்கும். அதனால் 2 எச்.பி. மோட்டார் 10 ஹெர்ட்ஸில் 0.4 எச்.பி.தான் தரும். பேக் கியரோ வேகத்தைக் குறைத்த அளவுக்கு விசையைப் பெருக்கும். பெரிய விட்டத்தில் ஆழமாக வெட்டும்போது அதுதான் தாங்கும். போதாததற்கு, மோட்டாரின் விசிறி அதே ஷாஃப்டில் இருப்பதால், மெதுவாக ஓடினால் காற்றும் குறையும், வைண்டிங் சூடேறும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் பாரமேற்றி ஓட்டாமல் பேக் கியருக்கு மாற்றுங்கள்.

மோட்டார் மூன்று பேஸாக இருக்க வேண்டும். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இந்த டிரைவ் ஆகாது. பட்டறைக்குச் சிங்கிள் பேஸ்தான் வருகிறதென்றால், 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட் மூன்று பேஸ் தரும் டிரைவ்கள் உண்டு. ஆனால் நேம் பிளேட்டைப் பாருங்கள்: 415 வோல்ட் ஸ்டார் என்றிருந்தால் டெல்டாவாக மாற்றி இணைக்கலாம். 415 வோல்ட் டெல்டா என்றால் அந்த மோட்டார் இதற்குச் சரிவராது.

பழைய ஃபார்வேர்ட்-ரிவர்ஸ் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே விடாதீர்கள். ஓட்டத்தில் துண்டித்தால் டிரைவ் போய்விடும். அதே சுவிட்சை டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கு இணைத்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்புத் தூள் உள்ளே போகாதபடி டிரைவை மூடிய பெட்டியில் தள்ளி வையுங்கள். மெயினை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். மேனுவலில் சொன்ன நேரம் கழித்தே மூடியைத் திறக்க வேண்டும். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

சக் மரை போட்டுத் திருகி மாட்டும் வகை என்றால், டிரைவில் நிற்கும் நேரத்தைச் சில வினாடிகளாக நீட்டி வையுங்கள். சட்டென்று பிரேக் போட்டாலோ வேகமாக ரிவர்ஸ் எடுத்தாலோ சக் கழன்று வந்துவிடும்.